ஏற்காட்டு ரிப்பீட்டருக்கு ரிசீவர்: ஆறு ஆண்டில் மூன்று மாற்றிய கதை

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் கொட்டகையில் எங்கள் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களின் 2 மீட்டர் பட்டை ரிப்பீட்டர் ஓடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு அலைவரிசையில் வரும் மெல்லிய சிக்னலை ரிசீவரில் வாங்கி, அதே நேரத்தில் இன்னொன்றில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம் அது. இதுவரை மூன்று ரிசீவர்கள் பார்த்துவிட்டது. ஒவ்வொரு கோளாறுக்கும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் வைத்தது ஒரு மலிவான கைரேடியோ. 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலையே பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். பொய்யில்லை, என் வீட்டு மொட்டைமாடியில் ஓமலூரும் ராசிபுரமும் கண்ணாடி போலக் கேட்டன. மலையில் மாட்டிய அன்றே செவிடாகிவிட்டது. நகரத்துக் கட்டடங்கள் மறைத்துவைக்கும் அலைகளெல்லாம் 1,500 மீட்டர் உயரத்தில் தடையின்றி வந்து மோதுகின்றன. அந்த ரேடியோவின் முன்பகுதியில் வடிகட்டி என்று சொல்லும்படி எதுவுமில்லை. வந்ததையெல்லாம் உள்ளே விட்டது. 150 மெகாஹெர்ட்ஸில் ஒருவரும் 155-இல் ஒருவரும் ஒரே நேரத்தில் பேசினால் போதும்: 150-இன் இருமடங்கில் 155-ஐக் கழித்தால் 145. 144–146 மெகாஹெர்ட்ஸ் என்ற நம் பட்டைக்குள்ளேயே ஒரு போலி சிக்னல் பிறந்துவிடும். நள்ளிரவில் ரிப்பீட்டர் தானாகத் திறந்து, இரண்டு பேர் ஒரு போர்வைக்குள் முனகுவது போன்ற சத்தத்தைச் சேலம் முழுக்க ஒலிபரப்பியது. 88.5 ஹெர்ட்ஸ் டோன் போட்டோம்; அந்த மெல்லிய ஒலி கலந்து வரும் சிக்னலுக்கு மட்டுமே ரிப்பீட்டர் திறக்கும். முனகல் நின்றது, செவிட்டுத்தனம் அப்படியே இருந்தது.

அப்போது நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்கவில்லையே என்று சிக்னலைப் பெருக்கித் தரும் 20 டெசிபெல் பிரீஆம்ப் வாங்கி முன்னால் மாட்டினேன். கூச்சலில் தவிப்பவன் காதில் ஒலிபெருக்கி வைத்த கதைதான்.

இரண்டாவது, கணினியில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள், அதாவது மென்பொருளால் இயங்கும் குட்டி ரிசீவர். பலத்த சிக்னலையும் மெல்லியதையும் சேர்த்துக் கையாள முடியாத 8 பிட் டிஜிட்டல் மாற்றியை வைத்துக்கொண்டு மலையுச்சியில் ரிப்பீட்டர் நடத்த நினைத்ததே தவறு. எஃப்எம் வானொலியின் பலத்தில் திணறியது. அதற்கொரு தடுப்பு வடிகட்டி போட்டுச் சமாளித்தால், அடுத்து கணினி உறைந்து நின்றது. நான்கு மாதத்தில் கழற்றிவிட்டோம்.

மூன்றாவது, பழைய மோட்டரோலா ஜிஎம்300. டாக்சி, தொழிற்சாலை போன்ற வேலைகளுக்காக உருவான மொபைல் ரேடியோ. வாங்குவோர் கவனிக்க: இதன் விஎச்எஃப் வகையில் 136–162 மெகாஹெர்ட்ஸ் என்றும் 146–174 என்றும் இரண்டு உண்டு. நமக்கு வேண்டியது 144–146 என்பதால் முதல் வகைதான் பொருந்தும். நான் வெளிப்புறத்தை மட்டும் பார்த்து இரண்டாவதை வாங்கி, ஒரு மாதம் அதை மேசையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தேன். சரியானது கிடைத்தபின் நிம்மதி. பின்புறமுள்ள 16 முள் இணைப்பில் ஆடியோவும், சிக்னல் வந்திருக்கிறது என்ற அறிகுறியும் நேராகக் கிடைக்கின்றன. ஹெட்போன் துளையிலிருந்து உறிஞ்சும் வேலை இல்லை. நம் பட்டையை மட்டும் உள்ளே விடும் உலோகக் குடுவை வடிகட்டியான பேண்ட்பாஸ் கேவிட்டி ஒன்றையும் முன்னால் சேர்த்தோம். அதில் ஒரு டெசிபெல் போகிறது, போகட்டும்.

ரிசீவர் தாங்க வேண்டிய சுமையைக் கணக்குப் போட்டால் புரியும். 25 வாட் டிரான்ஸ்மிட்டர் என்பது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). 0.25 மைக்ரோவோல்ட் சிக்னல் மைனஸ் 119. இடைவெளி 163 டெசிபெல், அதுவும் இரண்டு அலைவரிசைகளும் வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வாங்கவும் இரண்டையும் பிரித்துவைக்கும் எங்கள் ஆறு கேவிட்டி டியூப்ளெக்சர் 85-ஐத் தடுக்கிறது. மீதி 78-ஐ ரிசீவர்தான் சமாளிக்க வேண்டும். பெட்டியில் அச்சிடும் உணர்திறன் எண் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும், ஜிஎம்300 ஓடிய இரண்டாம் ஆண்டில் ஆத்தூர் நண்பர் தொலைபேசியில், "அண்ணே, காற்றடித்தால் என் குரல் கரகரக்கிறது" என்றார். ரிசீவர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். டியூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் ஆன்டெனாவுக்குப் பதிலாக, அலையை வெளியே விடாமல் விழுங்கும் டம்மி லோடு மாட்டி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மெல்லிய சிக்னலைக் கசியவிட்டோம். டிரான்ஸ்மிட்டரை ஓட்டினாலும் நிறுத்தினாலும் தெளிவு குறையவில்லை. அப்படியானால் கோளாறு கம்பத்தில். ஏறிப் பார்த்தால் ஆன்டெனாவைப் பிடித்திருந்த யு போல்ட்டில் துரு. விரலால் தட்டினால் பொடி உதிர்ந்தது. எங்கள் அலையையே அது கலக்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் மாற்றினோம், கரகரப்பு போயிற்று.

அதிலிருந்து ஏப்ரல் இடிமழைக்கு முன்னால் ஒருமுறை மேலே போய்விடுகிறோம். மூடுபனி ஈரம் கனெக்டருக்குள் நுழைந்து பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். துடைத்து, ரப்பர் டேப்பைப் புதிதாகச் சுற்றிவிட்டு இறங்குகிறோம். ஜிஎம்300 நாலாவது ஆண்டாக ஓடுகிறது. அதன் சேனலை மாற்ற வேண்டுமானால் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் பழைய மென்பொருள் வேண்டும். வேகமான கணினி அதற்கு ஒத்துவராது. அதற்கென்று வைத்திருக்கும் மடிக்கணினியின் திரை போன வாரம் பாதி கறுத்துவிட்டது. சேலம் பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.