மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால்: போர்வெல் தண்ணீரா, காத்திருந்து நடவா, புழுதி விதைப்பா?

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். டெல்டா விவசாயியின் ஆண்டு வேலை இந்த இரண்டு தேதிகளுக்குள்தான் அடங்குகிறது. தேதிகளோ நிலையாக நிற்பதில்லை. 2023-ல் சொன்ன நாளில் திறந்த அணையை அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். 2024-ல் ஜூன் முழுக்கத் திறக்கவே இல்லை. ஜூலையில் கர்நாடகப் பக்கம் மழை கொட்டி, 28-ந் தேதி தண்ணீர் விட்டு, அடுத்த இரண்டு நாளில் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. வராது என்று நிலத்தைத் தரிசாக விட்டவர், ஓடிவரும் தண்ணீரைப் பார்த்தபடி விதைக்கு அலைந்தார்.

போர்வெல் வைத்திருப்பவருக்குக் குறுவை, அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல், கைவசம். ஆடுதுறை 36, கோ 51 போன்ற ரகங்கள் 110 நாளுக்குள் முடிந்துவிடும். ஆனால் ஜூலை பாதிக்கு மேல் விதைத்தால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் பல ஊர்களில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும்; அவர்களுக்கு இந்த வழியே இல்லை.

மிச்சம் இருப்பது சம்பா, அதாவது குறுவைக்குப் பின் வரும் நீண்ட பருவ நெல். காத்திருந்து நடுவதா, காய்ந்த மண்ணில் புழுதியாக விதைப்பதா என்பதில்தான் ஊருக்கு ஊர் வாக்குவாதம். நடவில் விதை மிச்சம்: நீண்ட கால ரகத்துக்கு ஏக்கருக்கு 12 கிலோ போதும். தண்ணீர் கட்டி நிறுத்துவதால் களையும் அடங்கும். சிக்கல், எல்லாம் தண்ணீரையே நம்பி நிற்பது. நாற்றங்கால், சேடை (தண்ணீர் விட்டுச் சேறாக உழுவது), நடவு ஆள் மூன்றும் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் தேவைப்படும். முறை வைத்துத் தண்ணீர் விட்டால் நாற்று முற்றிப்போகும்; முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது, பக்கக் கிளைப்பு குறையும்.

புழுதி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 கிலோவுக்கு மேல் விதை போகும். கோடை மழையிலேயே உழுது, வயலை மட்டமாக்கி வைத்திருக்க வேண்டும். ஒரு மழையில் முளைத்து அடுத்த மழை வராவிட்டால் பயிர் காயும். களைதான் பெரும் தொல்லை. முதல் ஒரு மாதம் கண்ணை எடுக்க முடியாது. இத்தனைக்கும் பிறகும் கடைமடைக்கு நான் சொல்வது புழுதி விதைப்பைத்தான். அணை எப்போது திறந்தாலும் பயிர் ஏற்கெனவே வயலில் நிற்கும். பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் அதே ரகம் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவும் அறுப்புக்கு வரும். ஆற்றங்கரையை ஒட்டி, தண்ணீர் முதலில் எட்டும் வயல்காரருக்கு நடவே மேல்.

எந்த வழியானாலும், ஒரே ரக விதையை மட்டும் வாங்கி வைப்பதை நான் ஏற்க மாட்டேன். சி.ஆர். 1009-க்கு 155 நாள் வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் விதை மண்ணில் விழாவிட்டால், கதிர் முற்றுவதற்குள் அணை மூடும் நாள் வந்துவிடும். அந்தக் கெடு தாண்டினால் தயங்காமல் 130 நாள் டி.கே.எம். 13-க்கு மாறிவிட வேண்டும். அதற்கான விதை ஆடியிலேயே வீட்டில் இருக்க வேண்டும். செப்டம்பரில் எல்லாரும் அதைத்தான் தேடுவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஈரம் இருக்கும்போதே வயலில் உளுந்து தெளிப்பார்கள். பிடிவாதமாக நீண்ட கால நெல்லைத் தாமதமாக விதைப்பவருக்கு அந்த ஈரம் கிடைக்காது. உளுந்து வருமானமும் போகும்.