திருச்சிக்கு மலிவு விமானமா, சென்னைக்கு மாஸா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிற என் புடவைக் கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "இந்தத் தடவை எதுல போனீங்க? டிக்கெட் எவ்வளவு?" வருடத்துக்கு நான்கைந்து முறை தமிழ்நாட்டுக்குப் போய்வருகிறேன். திருச்சியிலும் கும்பகோணத்திலும் கொள்முதல். மொத்தச் சரக்கு கப்பலில் வந்துவிடும். மாதிரிகளையும், யாராவது அவசரமாகக் கேட்ட கல்யாணப் புடவைகளையும் நானே பெட்டியில் தூக்கி வருவேன். பதினைந்து ஆண்டாக இதே பிழைப்பு. மலிவு விமானம், மாஸ் என்கிற மலேசியா ஏர்லைன்ஸ், கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் என்று எல்லாவற்றிலும் போயாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விலையிலிருந்தே தொடங்குகிறேன். போன மார்ச்சில், பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வாரத்தில், திருச்சிக்கு மலிவு விமானத்தில் இருவழி டிக்கெட் 618 வெள்ளி (ரிங்கிட்). போகும்போது கையில் ஏழு கிலோ போதும். வரும்போது பெட்டிக்கு 25 கிலோ வாங்கினேன், அது 190. நடைபாதை ஓர இருக்கைக்கு இரண்டு வழிக்கும் 50, சாப்பாட்டுக்கு 36. ஆக மொத்தம் 894. அதே வாரம் மாஸில் சென்னைக்குப் போய்வர, பெட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,240 வெள்ளி காட்டியது. வித்தியாசம் 346 வெள்ளி. திரையில் முதலில் கண்ணில் பட்ட 618-ஐயும் 1,240-ஐயும் பார்த்தால் பாதிக்குப் பாதி என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் அப்படி இல்லை. அதுவே தீபாவளி வாரம் என்றால் கணக்கு இன்னும் மாறும். ஒரு தீபாவளிக்கு இரண்டுக்கும் நடுவே எண்பது வெள்ளிகூட வித்தியாசம் இல்லை. கூட்ட நாளில் மலிவு விமானத்தின் டிக்கெட் விலை ஏறிவிடுகிறது, பெட்டிக்கான காசும் அதற்கு மேல் தனியாக நிற்கிறது.

ஆனால் மாஸ் என்னை இறக்கிவிடுவது சென்னையில். அங்கிருந்து திருச்சிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். எழும்பூர் போய் ரயில் ஏறினால் இன்னொரு ஐந்து மணி நேரம். விமானம் இரவில் இறங்கினால் விடுதிச் செலவும் உண்டு. இந்தச் செலவையும் சேர்த்தால்தான் மலிவு விமானத்தின் உண்மையான பலம் தெரியும். அது என் உறவுகள் இருக்கும் ஊரிலேயே போய் இறங்குகிறது. திருச்சியில் 2024 ஜூனிலிருந்து புது முனையம் வேறு இயங்குகிறது. குடிநுழைவு முடித்து வெளியே வந்து கார் பிடித்தால் லால்குடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இவர்களால் எப்படி இந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது என்று கடையில் சிலர் சந்தேகமாகக் கேட்பார்கள், பராமரிப்பில் கைவைக்கிறார்களோ என்று. அப்படி நினைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மிச்சம் பிடிக்கும் இடங்கள் வேறு. பெரும்பாலும் ஒரே வகை விமானம், அதனால் விமானிப் பயிற்சியும் உதிரி பாகமும் சிக்கனம். ஏர் ஏசியாவின் ஏ320 விமானத்தில் 180 இருக்கைக்குக் குறையாது, எல்லாமே சாதாரண வகுப்பு. மாஸின் 737-இல் முன்பக்கம் பிசினஸ் இருக்கைகள் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. இறங்கிய விமானம் அரை மணி நேரத்துக்குள் மறுபடி ஏறப் பார்க்கும். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது அல்லவா? ஆனால் இந்த ஓட்டத்தில் காலையில் ஒரு மணி நேரம் தவறினால், சாயங்காலத்துக்குள் அது மூன்று மணி நேரமாக வளர்ந்துவிடும். என் அனுபவத்தில் முதல் விமானம் நேரத்துக்குக் கிளம்பும், கடைசி விமானத்தை நம்ப முடியாது.

இருக்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மணி நேரம்தான். முழங்கால் இடிக்கும், இறங்கினால் சரியாகிவிடும்.

எடை விஷயம் அப்படிப்பட்டது இல்லை. மலிவு விமானத்தில் கைப்பை, தோள்பை இரண்டும் சேர்த்தே ஏழு கிலோ. மாஸில் ஏழு கிலோ பைக்கு மேல் ஒரு சின்னக் கைப்பைக்கும் இடம் உண்டு. இந்தச் சின்ன வேறுபாடு என்ன செய்யும் என்பதைத் திருச்சியில் ஒரு நாள் பார்த்தேன். அம்மா உடன் வந்திருந்தார். கும்பகோணத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு அவர் பெட்டியில். தராசு 28.2 என்று காட்டியது, நாங்கள் வாங்கியிருந்தது 25. முகப்பில் இருந்த பெண் தப்பாக ஒன்றும் பேசவில்லை, கிலோவுக்கு இவ்வளவு என்று விலையைச் சொன்னார். அது விளக்கின் விலையைத் தாண்டியது. வரிசைக்குப் பக்கத்தில் தரையிலேயே பெட்டியைத் திறந்தோம். எழுபத்தொரு வயதில் அம்மா குனிந்து, முறுக்கு அச்சு, வடக உருண்டைப் பொட்டலம், தம்பி பேரனுக்கு வாங்கிய எவர்சில்வர் தட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து என் கைப்பைக்கு மாற்றினார். கைப்பையும் ஏழு கிலோவைத் தாண்டியது. கடைசியில் அம்மா இரண்டு பழைய புடவைகளை மடித்து, பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டார். ஒரு ஜதைச் செருப்பும் அங்கேயே நின்றுவிட்டது. விளக்கின் அடிப்பாகத்தைக் காகிதத்தில் சுற்றி நான் இடுக்கிக்கொண்டேன். விதியை மீறியது நாங்கள்தான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் வயதானவர்கள் தங்கள் உடுதுணியை ஊர் பார்க்கப் பிரித்துப் போடாமல் எடையைச் சரிசெய்ய ஒரு மறைப்பு, ஒரு மேசை, முகப்புக்கு முன்னாலேயே ஒரு தராசு வைக்கக் கூடாதா? இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

தாமதத்தில்தான் என் மனம் இரண்டாகப் பிரிகிறது.

நம் நாட்டில் 2016-இலிருந்து விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. பலரும் மலிவு டிக்கெட் என்றால் உரிமையும் மலிவு என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிக் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடும் தொலைபேசி வசதியும் தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தையே வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். எந்த வழியில் பணம் கட்டினோமோ அதே வழியில், 30 நாளுக்குள் வந்தாக வேண்டும். விலையைக் காட்டும்போதும் வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்தத்தைத்தான் காட்ட வேண்டும், நாம் கேட்காத சேவையைத் தானாகச் சேர்க்கக் கூடாது. மாஸுக்கும் ஏர் ஏசியாவுக்கும் பாத்திக் ஏருக்கும் ஒரே விதிதான்.

ஆனால் விதியால் ஈடுகட்ட முடியாத நாள்கள் இருக்கின்றன. 2019-இல் லால்குடியில் மாமா காலமானார். அம்மாவின் சித்தப்பா மகன், கூடப் பிறக்காத குறைதான். இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணி விமானத்தில் இரண்டு இடம் கிடைத்தது. கடையைத் திறந்து, கோடி போட வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்குக் காரில் கிளம்பினோம். நேரத்துக்குப் போயிருந்தால் அங்கே காலை பத்தரை. சாயங்காலம் நான்கு மணி வரை எடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். விமானம் முதலில் இரண்டு மணி நேரம் தாமதம் என்றார்கள், அப்புறம் நான்கு, அப்புறம் ஏழு. சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார்கள். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. இடையில் ஒருமுறை, "வேற விமானத்துல மாத்திக் கொடுக்கச் சொல்லேன்" என்றார். கேட்டேன். அவர்களிடம் அன்றைக்கு வேறு விமானம் இல்லை. மற்ற நிறுவனத்துக்கு மாற்றிவிடும் ஏற்பாடும் இல்லை. நாங்கள் திருச்சியில் இறங்கியபோது மணி ஐந்தரை. கோடி வேட்டி பிரிக்கப்படாமலேயே சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வந்தது.

அன்று முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும் எனக்கு ஆறியிருக்காது. எனக்கு வேண்டியிருந்தது இன்னொரு விமானம். முழுச்சேவை நிறுவனத்துக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் முந்நூறு, நானூறு வெள்ளி எதற்கென்று அன்றுதான் புரிந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கோ கூடுதல் இரண்டு அங்குல இடத்துக்கோ அந்தப் பணம் போகவில்லை. ஒன்று பழுதானால் இன்னொன்றில் ஏற்றிவிடக் கூட்டாளி நிறுவனங்கள் இருக்கின்றன. மாஸ் 2013-இலிருந்து ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் தொடர்ந்து போகிறவரை நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது. அதற்காக அவர்களிடம் தாமதமே இல்லை என்று சொல்லமாட்டேன். முழுச்சேவையிலும் ஆறு மணி நேரம் காத்திருந்திருக்கிறேன்.

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2006 முதல் 2014 வரை மலிவு விமானம் என்றால் எல்சிசிடி என்ற தனி முனையம். கொட்டகை மாதிரி ஒரு கட்டடம். மழையில் குடை பிடித்துத் தார்த்தரையில் நடந்து போய் விமானம் ஏறுவோம். 2014 மே 2-இல் கேஎல்ஐஏ2 என்ற இரண்டாம் முனையம் திறந்த பிறகு அந்தக் கஷ்டம் போயிற்று, பதிலாக நீண்ட நடை வந்தது. முழங்கால் வலிக்காரர்களுக்கு 48 மணி நேரம் முன்பே சக்கர நாற்காலிக்குச் சொல்லிவையுங்கள். முதல் முனையத்தில்தான் வசதி என்று நினைத்தால், அங்கே சேட்டிலைட் கட்டடத்துக்குப் போகும் ஏரோடிரெயின் என்ற உள்ரயில் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் திரும்ப ஓடியது. அதுவரை பேருந்தில் நெருக்கியடித்துப் போனோம்.  கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வரும் விரைவு ரயிலுக்கு இரண்டு முனையத்துக்கும் ஒரே கட்டணம்தான்.

எங்களைப் போன்ற பேராக்காரர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் திறந்தது. இண்டிகோ 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே நேரடி விமானம் விட்டது. அதுவும் மலிவு நிறுவனம்தான், ஆனால் டிக்கெட்டிலேயே பெட்டிக்கான எடையும் சேர்ந்து வந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸுக்குக் காரில் இரண்டு மணி நேரம், கேஎல்ஐஏ என்றால் மூன்று. சென்னையில் வேலை இருந்தபோது அதில் போனேன், நிம்மதியாக இருந்தது. திருச்சிக்காரர்களுக்கு அந்த ஐந்து மணி நேர ரயில் இதிலும் உண்டு.

அப்போது பினாங்குப் பாலத்தில் போகும்போது தாத்தாவின் நினைவு வந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் ஏறி, பினாங்கில் இறங்கி, தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட வந்தவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு கப்பல் வழியும் போயிற்று. தாத்தா ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. விமானம் தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாத பொருள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், ஒருவர் தாய் இறந்ததற்குப் போக மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தார், திரும்பி வந்து மீட்க மூன்று வருடம் ஆனது. 2001-இல் டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட்டுக்கு, நாற்பது மில்லியன் கடனோடு ஏர் ஏசியாவை வாங்கி 'இனி எல்லோரும் பறக்கலாம்' என்று எழுதி வைத்தபோது, அந்த எல்லோரில் நாங்களும் இருந்தோம். அம்மா லால்குடிக்குப் பதினொரு முறை போய்வந்துவிட்டார். அந்தக் கோடி வேட்டியை நினைத்து வயிறு எரியும்போதெல்லாம் இந்தப் பதினொன்றையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

ஆக, கடையில் கேட்பவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறேன். கோயிலுக்கு, கொள்முதலுக்கு, சும்மா சொந்தங்களைப் பார்க்க என்றால் மலிவு விமானம். காலை முதல் விமானமாகப் பாருங்கள், பெட்டி எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள், முகப்பில் வாங்கினால் அடி விழும். முகூர்த்தம், காரியம், மருத்துவமனைத் தேதி என்று நாள் தவறக் கூடாத பயணமா? முடிந்தால் முழுச்சேவை, இல்லாவிட்டால் ஒரு நாள் முன்கூட்டியே மலிவு விமானம். துக்கச் செய்திக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கிடைக்கும் விமானத்தில் ஏறுங்கள்.

வருகிற தை மாதம் அம்மாவும் நானும் திருச்சிக்கு நேராகவே போகிறோம். லால்குடியில் பேத்தி முறைப் பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே, காலை விமானம், அம்மா பெட்டிக்கு 30 கிலோ. மைலோ பொட்டலம், கோடாலித் தைலம், குளியல் துண்டு என்று அம்மா இப்போதே அடுக்க ஆரம்பித்துவிட்டார். நேற்று தொங்கு தராசில் தூக்கிப் பார்த்தேன், 27.4 காட்டியது. "இன்னும் ரெண்டரை கிலோ இடம் இருக்கும்மா" என்றேன். பணப்பையை எடுத்துக்கொண்டு பழைய சந்தைப் பக்கம் கிளம்பிவிட்டார்.