மார்கழி மழைக்குள்ள வாசிச்ச புத்தகங்கள்

இந்த மார்கழி முழுக்க மழைதான். களுவாஞ்சிக்குடியில இருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போக பஸ்ஸில ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், வீட்ட வந்தா அரைவாசி நாள் கரண்ட் இரிக்காது, அதால வழமையா வாசிக்கிறத விட ரெண்டு மடங்கு வாசிச்சிட்டன். ஏழு புத்தகம் முழுசா, ஒண்டு அரைவாசி, இன்னொண்ட நாப்பதாம் பக்கத்தோட மூடி வச்சிட்டன். எதையும் திட்டம் போட்டு எடுக்கல்ல, கையில கிடைச்சதுதான், ஆனா மாசம் முடியக்க ஒரு விசயம் நல்லா விளங்கிட்டு. கதையில வாற சனம் என்ன வேல செய்து சோறு தின்னுது எண்டு எழுதினவருக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் புத்தகத்த நான் நம்புறன், தெரியாட்டி எவ்வளவு வடிவான வசனம் போட்டாலும் மனசு ஒட்டுதில்ல.

முதல்ல நீலாவணன்ட ‘வேளாண்மை’. பெரியநீலாவணைக் கவிஞர், 1975ல மறைஞ்சிட்டார், இந்தக் காவியம் 1982லதான் புத்தகமா வந்தது. கடையில தேடிக் களைச்சு கடைசியா நூலகம் இணையத்தளத்தில இருந்து போனுக்கு இறக்கினன். (2005ல இருந்து நம்மட நாட்டுத் தமிழ்ப் புத்தகங்கள ஸ்கேன் பண்ணி சும்மா வாசிக்கத் தாறாங்க, ஒரு சதம் கேக்கிறதில்ல. பழைய பக்கம் சிலது மங்கலா இரிக்கும், எழுத்தப் பெரிசாக்கிப் பெரிசாக்கித்தான் வாசிக்கணும். அது ஒண்டுதான் குறை. இந்த வேலய ஆரும் செய்யாட்டி எனக்கு இந்தப் புத்தகம் ஆயுசுக்கும் கிடைச்சிராது.)

முதல் நாள் நான் தனிய மனசுக்குள்ள வாசிச்சன், ஒண்டும் ஓடல்ல. அடுத்த நாள் கரண்ட் போன நேரம் அப்பாவும் அம்மாவும் விளக்கடியில இருக்கக்க வாய்விட்டு வாசிச்சன் பாருங்க, அப்பதான் அது பாட்டு இல்ல பேச்சு எண்டு விளங்கினது. அப்பாக்கு வயல் மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரையில, மண்டூர்ப் பக்கம், குருமண்வெளித் துறையில பாதை (வாவியக் கடக்கிற மிதவைப் படகு) ஏறிப் போய்வாறவர், அறுவது வயசு தாண்டியும் விடல்ல. நாலு அடி வாசிக்க மனுசன் எழும்பிக் குந்திட்டார். “இன்னொருக்கா வாசி மகள்” எண்டார். மறுகா அவர் கதைக்கத் தொடங்கிட்டார், போடியார்மார், வட்டவிதானை, முல்லைக்காரன் எண்டு வயலோட சேந்த ஆக்களப் பத்தி, நெல்லுச் சூடடிக்கிற களவெட்டியில சில சாமானுக்கு அதிட பேரச் சொல்லாம வேற பேர் சொல்லித்தான் கேப்பாங்களாம், சொன்னா பொலி (சூடடிச்ச நெல்லு) குறைஞ்சிடும் எண்டு நம்பிக்கையாம், மிஷின் வந்தாப் பொறகு அந்தப் பேரெல்லாம் போயிட்டு எண்டார். அவர் இவ்வளவு கதைச்சு நான் கண்டதில்ல. போன்ல சார்ஜ் பத்துக்கு வந்திட்டு, நிப்பாட்டுறன் எண்டு சொல்ல, நாளைக்குப் பவர்பேங்க ஆபீஸ்லயே சார்ஜ் போட்டுக் கொண்டு வா எண்டு சொல்லிட்டுத்தான் படுத்தார். ஆறு ராத்திரி இப்பிடித்தான் போனது. இலக்கியம் படிச்ச ஆக்கள் இதில யாப்பு, ஓசை எல்லாம் பாப்பாங்க, எனக்கு அது தெரியாது. எங்கட வீட்டில புழங்கிற சொல் அச்சில இரிக்கிறதக் காண ஒரு மாதிரி நெஞ்சு நிறைஞ்சு போனது, அதுதான் எனக்கு. பள்ளிக்கூடத்தில “இப்பிடி எழுதப்படாது” எண்டு சிவப்புப் பேனையால வெட்டின சொல்லுகள் அதெல்லாம்.

அதே கிழமையில ‘கடலும் கிழவனும்’. ஹெமிங்வே 1952ல எழுதினது, அவருக்கு 1954ல நோபல் பரிசு. கியூபாவில சாந்தியாகோ எண்ட கிழவன், 84 நாள் ஒரு மீனும் படல்ல, 85ம் நாள், முந்திக் கூட வந்த பொடியனும் இல்லாம, தனியத் தோணியக் கொண்டு தூரக் கடலுக்குப் போறான், 18 அடி நீள மீன் ஒண்டு தூண்டில்ல படுது, கதை இவ்வளவுதான். கல்லடி மாமா வீட்ட ஒரு சனிக்கிழமை போய் நிண்டன், கடல் கொந்தளிப்பு, மாமா தொழிலுக்குப் போகல்ல, வலை பொத்திக்கொண்டு இருந்தார். அவருக்குக் கதையச் சொன்னன். கிழவன் நாலு தூண்டில ஒரே ஆழத்தில போடுறதில்ல, ஒண்டு 40 பாகம், மற்றது 75, மறுகா 100, 125 எண்டு ஆழம் மாத்தி மாத்திப் போடுறான் எண்டு சொல்ல மாமா ஊசிய வச்சிட்டு நிமிந்து பாத்தார். “அப்ப எழுதினவன் தொழில் தெரிஞ்ச ஆள்தான்” எண்டார். கயித்த முதுகில போட்டு ராத்திரி முழுக்க இழுபடுறது, இடது கை விறைச்சுப் போறது, உப்பும் இல்லாம பச்ச மீன வெட்டித் தின்னுறது எல்லாத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான், “அவ்வளவு தூரம் ஏன் தனியப் போனவன், அந்தப் பொடியன ஏன் விட்டுட்டுப் போனவன்?” அந்தக் கேள்விதான் கதைட நடு எண்டு எனக்கு அண்டைக்கு ராத்திரிதான் பட்டது. கிழவனும் கடலுக்குள்ள நிண்டு பொடியன் இருந்தா நல்லம், பொடியன் இருந்தா நல்லம் எண்டுதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு இருக்கான். நான் வாசிச்ச மொழிபெயர்ப்பில ஒரு குறை, கயிறு தூண்டில் சாமானெல்லாம் அகராதித் தமிழா இருந்தது, மாமாக்குச் சொல்லக்க தங்கூசி (தூண்டில் நரம்பு), மண்டா (மீன் குத்துற ஈட்டி) எண்டு நான்தான் மாத்த வேண்டி வந்தது. கடல் கதையத் தமிழாக்குற ஆக்கள் ஒரு கிழமை மீன்காரர் வாடியில போய் இருந்து பேச்சக் கேட்டுட்டு எழுதினா எவ்வளவு நல்லம்.

கடலுக்கு மேல கடலா ‘செம்மீன்’ எடுத்தன். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956ல மலையாளத்தில எழுதினத சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டு வந்தார். கறுத்தம்மா, பரீக்குட்டி காதல் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா என்னப் பிடிச்சு வச்சது கறுத்தம்மாட அப்பன் செம்பன்குஞ்சுதான். சொந்தத் தோணியும் வலையும் வாங்கணும் எண்ட ஆசை ஒரு மனுசன எப்பிடி மாத்துது, கடன் தந்தவன்ட முகத்தப் பாக்காமத் திரியிறது, தோணி வந்தாப் பொறகு பக்கத்து வீட்டுச் சனத்தோட கதைக்கிற கதையே மாறிப் போறது, இத எங்கட கரையில ரெண்டு மூண்டு வீட்டில நான் கண்ணால கண்டிருக்கன். ஆனா கரையில பொஞ்சாதி ஒழுக்கமா இருந்தாத்தான் கடலுக்குப் போனவன் உசிரோட திரும்புவான் எண்ட நம்பிக்க இரிக்கே, அத வாசிக்க வாசிக்க எனக்குக் கோவம் கோவமா வந்தது. காத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஒரு பொம்புளையக் கணக்குக் கேக்கிறதா? மாமிட்டச் சொன்னன். அவ கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, “அவர் வரப் பிந்தினா நானும் ஏதோ பிழ செஞ்ச மாதிரித்தான் புள்ள கிடந்து துடிக்கிறது” எண்டா. அதுக்குப் பிறகு எனக்கு அந்தப் புத்தகத்தோட சண்ட பிடிக்க ஏலாமப் போயிட்டு. தகழி அந்தப் பயத்த உள்ளுக்குள்ள இருந்து எழுதியிருக்கார், அதான் இந்தளவு வலிக்குது.

‘சடங்கு’ ஒரே இருப்பில முடிஞ்சது. இத எழுதின எஸ்.பொ (எஸ். பொன்னுத்துரை) யாழ்ப்பாணத்தார், ஆனா கனகாலம் மட்டக்களப்பில படிப்பிச்சவர், அதால இங்க அவர நம்மட ஆளாத்தான் நினைக்கிறது. கொழும்பில கிளறிக்கல் வேல செய்யிற செந்தில்நாதன் கொஞ்ச நாள் லீவில யாழ்ப்பாணத்தில வீட்ட வாறார், பொஞ்சாதியோட தனிய இருக்க ஒரு நேரம் கிடைக்குதில்ல. 1966ல இத எழுதினது எண்டா நம்பக் கஷ்டமா இரிக்கு. லீவு நாள எண்ணுறது, காச எண்ணுறது, வீட்டில ஆர் எப்ப நித்திரையாவாங்க எண்டு எண்ணுறது, அந்த எண்ணுற பாடு உத்தியோகக்காரர் வீட்டில இண்டைக்கும் அப்பிடியேதான். இத பஸ்ஸில வாசிக்க வேணாம், வீட்டில வச்சு வாசிங்க.

பூமணிட ‘வெக்கை’ 1982. பதினஞ்சு வயசுப் பொடியன் சிதம்பரம், அண்ணனக் கொலை செஞ்சவன வெட்டிட்டு ஓடுறான், அப்பனும் மகனும் காட்டிலயும் கரட்டிலயும் ஒளிச்சுத் திரியிறாங்க, அந்தக் கொஞ்ச நாள்தான் நாவல். இதில இருந்து எடுத்த படத்தப் பாத்தவங்க ‘அசுரன்’ எண்டு நினைப்பீங்க, அதுவும் இதும் வேற வேற. நாவல்ல சண்ட கொஞ்சம், சோறாக்கிறதும் தண்ணி தேடுறதும் ஆர் ஊட்டுச் செய்தி என்ன எண்டு கேக்கிறதும்தான் கூட. கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் கஷ்டம், மறுகா காது பழகிடும். அப்பன் மகன ஒரு இடத்திலயும் ஏசாம, ‘ஏன் செஞ்சாய்’ எண்டு ஒருக்காலும் நெருக்காம கூடவே நடந்து போறார். நான் சின்ன வயசில எங்கட ஊரில எத்தினையோ அப்பாமார் ராத்திரியில பொடியங்களக் கூட்டிக்கொண்டு வேற ஊருக்குப் போனதக் கண்டவள், வேற காரணம்தான், ஆனா அந்த நட அதேதான். ரெண்டு ராத்திரி இதோடயே போனது, அடுத்த நாள் வேற ஒண்டும் வாசிக்க மனம் வரல்ல.

எம்.ஏ. நுஃமான் தமிழாக்கின ‘பலஸ்தீனக் கவிதைகள்’ கல்முனைச் சிநேகிதி ஒராள் தந்தது. அதில மஹ்மூத் தர்வீஷ்ட ‘அடையாள அட்டை’ கவிதய வாசிச்சிட்டு பஸ் யன்னலால வெளிய பாத்துக்கொண்டே வந்தன். அட்டை இலக்கம் ஐம்பதாயிரம், பிள்ளையள் எட்டு, ஒம்பதாவது கோடைக்குப் பிறகு பிறக்கும் எண்டு சோதிக்கிறவனுக்கு ஒருத்தன் பதில் சொல்றான். அட்டையக் கையில பிடிச்சுக்கொண்டு பஸ்ஸால இறங்கி வரிசையில நடந்த பாதைதான் இது, எனக்கு அப்ப பதினாறு வயசு, அம்மா முன்னால நான் பின்னால, அண்டைக்கு எங்களுக்கு ஒரு பதிலும் வாயில வரல்ல. தர்வீஷ் சொல்லியிருக்கார். நுஃமான்ட தமிழில அது அரபில எழுதின மாதிரியே தெரியல்ல, கல்முனையில ஆரோ எழுதின மாதிரி இரிக்கு.

சாய்ந்தமருது அனார் தொகுத்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ சின்னப் புத்தகம், கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாட்டுகள். தலைப்பே எங்கட மழதான். அம்மா ரெண்டு பாட்ட வேற மாதிரிச் சொன்னா, ரெண்டையும் கடைசிப் பக்கத்தில பென்சிலால எழுதி வச்சிட்டன். முஸ்லிம் ஊருகளிலயும் தமிழ் ஊருகளிலயும் அதே உவமை, அதே வயல், அதே மச்சான். வாங்கி வையுங்க, வீட்டில வயசான ஆக்கள் இருந்தா அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

நாப்பதாம் பக்கத்தோட விட்டது சல்லி சேக்கிறது எப்பிடி எண்டு சொல்ற ஒரு மொழிபெயர்ப்பு. அதில ஒரு மனுசனும் ஒரு வேலயும் செய்யிறதில்ல, எல்லாரும் யோசிச்சே பணக்காரராகினம். அத விட்டுட்டன். விலையையும் சொல்லணும், டவுன்ல ஒரு கடையில இந்திய விலைய நாலால பெருக்கினாங்க, இன்னொரு கடையில அஞ்சால, அதே புத்தகம், அதே பதிப்பு. கேட்டா ‘கப்பல் செலவு’ எண்டாங்க. சம்பளத்துக்கு வேல செய்யிற ஆக்களுக்கு அது சரியான பாரம், வாங்க முதல் ரெண்டு இடத்தில கேளுங்க, பொது நூலகத்திலயும் ஒருக்காப் பாருங்க.

அரைவாசி வாசிச்சது ‘யாழ் நூல்’. காரைதீவில 1892ல பிறந்த விபுலானந்த அடிகள், பதினாலு வருச ஆராய்ச்சி, புத்தகம் வந்தது 1947ல, அதே வருசம் ஆடி மாசம் அவர் மறைஞ்சிட்டார். கல்லடியில அவர்ட சமாதியத் தாண்டி எத்தினை வருசமாப் போய்வாறன், புத்தகத்தத் தொட்டது இப்பதான். பாயிரவியல்ல தொடங்கி ஒழிபியல் வரைக்கும் ஏழு இயல், நான் பாலைத் திரிபியல்ல நிக்கிறன். நரம்பிட நீளத்தப் பின்னத்தில கணக்குப் போட்டுப் போட்டு, சிலப்பதிகாரத்தில சொன்ன யாழ் எப்பிடி இருந்திருக்கும் எண்டு கண்டுபிடிக்கிறார். கஷ்டம்தான், ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகுது, கொப்பியும் பேனையும் வச்சுக்கொண்டுதான் வாசிக்கிறன். ஆனா இவரும் கை வச்சு வேல பாத்தவர், ஏட்டில கண்டதோட விடல்ல, நரம்பக் கட்டி மீட்டிப் பாக்கிற ஆள்ட எழுத்து இது, அதான் விட மனமில்ல.

மட்டக்களப்பு வாவியில கேக்கிற மீன் பாட்டப் பத்தி அடிகளார் ‘நீரர மகளிர்’ எண்டு பாடினதயும் மாமாக்குச் சொன்னன். துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வச்சா கேக்கும், ஆனா இப்ப வெள்ளத் தண்ணி, ஒண்டும் கேக்காது, சித்திரை நிலவுக்கு வா புள்ள தோணியில கொண்டு போறன் எண்டார். அதுக்குள்ள யாழ் நூல்ல அடுத்த இயல், பண்ணியலையும் முடிச்சிடணும்.