பேரிங் வைத்த ஸ்கிப்பிங் கயிறு: தினமும் குதிக்க நினைப்பவர்களுக்கு

பருத்திக் கயிற்றுக்கு எடை போதாது. வேகம் எடுத்தால் வளைவு கலைந்து காலில் மாட்டும். 5 மி.மீ. பி.வி.சி. கயிற்றில் அந்தத் தொல்லை குறைவு. கைப்பிடிக்குள் கயிற்றைத் தடையின்றிச் சுழலவிடும் பேரிங் இருப்பதால் முறுக்கும் விழாது. புதிதில் சுருண்டே நிற்கும், வெந்நீரில் சற்று நனைத்து நீட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும். நீளத்தைக் கட்டாயம் சரிபாருங்கள்: நடுவில் ஒரு காலால் மிதித்து இழுத்தால் கைப்பிடி நுனி அக்குள்வரை வர வேண்டும்.

பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது கெண்டைக்கால் வலியால்தான். தேவையில்லாமல் உயரக் குதிக்கிறார்கள். தரையிலிருந்து 2, 3 செ.மீ. எழும்பினால் போதும், மணிக்கட்டு மட்டும் சுழலட்டும். 30 விநாடி குதித்து 30 விநாடி ஓய்வு, 5 சுற்று. வெறும் சிமென்ட் தரையில் கயிறு சீக்கிரம் தேயும். ரப்பர் பாய் விரியுங்கள். கயிற்றைப் பல் துலக்கும் இடத்தருகே ஆணியில் மாட்டுங்கள், கண்ணில் படுவதே பாதிப் பழக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம், நடையே நல்லது.