நாலு ஆசனமும் மூன்று வகை யோசனையும்

தேர்தல் முடிந்த மறுநாள் திருகோணமலையில் எந்தத் தேநீர்க்கடையில் நின்றாலும் ஒரு புலம்பல் காதில் விழும்: "எங்கட சனம் எங்க யோசிச்சுப் போடுது?" சனம் யோசிக்கத்தான் செய்கிறது. எந்த வகையில் என்றுதான் பார்க்க வேண்டும்.

அரசியலுக்குள் அறிவைக் கொண்டுவரப் படித்தவர்களுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள் என்பது ஒரு பழைய யோசனை. 1931க்கு முன் இலங்கையில் மக்கள்தொகையில் சுமார் 4 சதவீதத்தினருக்கே வாக்கு இருந்தது. பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்குரிமை என்றபோது பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்களே எதிர்த்தார்கள். பட்டம் வாங்கியவர் சாதி பார்த்து வாக்குப் போடமாட்டார் என்று யாராவது உத்தரவாதம் தருவார்களா? இதை இதோடு விட்டுவிடலாம்.

அடுத்தது கணக்கு. இதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். திருகோணமலை மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் நாலு ஆசனம். அதில் ஒன்று, கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸ். மிச்சம் மூன்றையும் 5 சதவீதத்தைத் தாண்டிய கட்சிகள் பங்குபோடும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முக்கிய தமிழ்க் கட்சிகள் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒன்றாக நின்றது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஓர் ஆசனத்துக்கான முழு வாக்கை எடுத்து வந்ததல்ல, மீதி வாக்குகளை ஒப்பிட்டு மிச்ச ஆசனத்தைக் கொடுத்தபோது கிடைத்தது. பிரிந்து நின்றிருந்தால் கைநழுவியிருக்கக்கூடும். ஆக, கணக்குச் சரி. ஆனால் எப்படி வெல்வது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதைவிட, தமிழர் வாழும் உப்புவெளியின் மேடையில் பேசுவதை முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலோ சிங்களவர் வாழும் கந்தளாயிலோ அப்படியே பேச முடியாத அரசியலை அது வளர்க்கிறது. கணக்குக்குத் தேவை தன் ஆட்கள் சிதறாமல் இருப்பது மட்டும்தானே.

மூன்றாவது, முடிவுக்குக் காரணம் சொல்ல வைப்பது. குப்பையை எங்கே கொட்டுவது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் "எங்கள் மண்ணில் கொட்ட விடமாட்டோம்" என்றால் கைதட்டல் நிச்சயம். உள்ளூராட்சிச் சபை அமர்வில் அது போதாது. வேறு எந்த இடம், என்ன செலவு, அங்கே கிணறுகள் எவ்வளவு தூரத்தில் என்று அடுத்த ஊர்க்காரர் கேட்பார். அவருக்கும் ஏற்கிற காரணத்தைத் தேட வேண்டிவரும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும் இதற்குக் கைகொடுக்கும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் முடிவுசெய்ய வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

என் வாக்கு மூன்றாவதுக்கே. ஆனாலும் அதன் ஓட்டை பெரிது. வாரநாளில் காலை பத்து மணிக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கலந்துரையாடல் வைத்தால், விடியக் கரைக்கு வந்து வலை உதறிக்கொண்டிருப்பவர் எப்படி வருவார்? ஓய்வூதியம் எடுப்பவர்களும் கட்சிக்காரர்களும்தான் வருவார்கள். அயர்லாந்தில் 2016இல் குலுக்கலில் 99 பொதுமக்களைத் தெரிவுசெய்து, வார இறுதிகளில் கூட்டிப் பேச வைத்தார்கள். இங்கே அதைச் செய்வதானால் மூன்று இனத்தவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும், போக்குவரத்துக் காசும் அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு பெரிய மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆவதைவிட அதிகமா என்று ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே. கணக்கில்தான் நாம் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே.