வட இங்கிலாந்தில் ஓய்வுக்கால வீடு தேடுகிறீர்களா? “லாட்ஜ்” என்று சொன்னால் முதலில் லைசென்ஸைக் கேளுங்கள்

லீட்ஸிலோ மான்செஸ்டரிலோ லண்டனிலோ உள்ள பெரிய வீட்டை விற்றுவிட்டு, கம்பிரியா அல்லது யார்க்‌ஷயர் கடலோரத்தில் சின்னதாக ஓர் இடம் பார்க்கும் ஓய்வுபெற்ற தம்பதிகள் பெரும்பாலும் ஒரே தாளில்தான் ஏமாறுகிறார்கள். கையெழுத்துக்காக நீட்டப்படும் கட்டின் நடுவில் அந்தத் தாள் இருக்கும். “இந்த லாட்ஜ் எனது ஒரே குடியிருப்போ முதன்மைக் குடியிருப்போ அல்ல. எனது நிரந்தர முகவரி கீழே உள்ளது.” அதற்குக் கீழே முகவரி எழுத ஒரு கட்டம்.

வீட்டைத்தான் விற்றாயிற்றே, இதில் என்ன எழுதுவது என்று கேட்டால், “மகள் வீட்டு அட்ரஸைப் போடுங்க, இங்க எல்லாரும் அப்படித்தான், சும்மா ஃபார்மாலிட்டி” என்று பதில் வரும். அது ஃபார்மாலிட்டி அல்ல. பின்னால் தகராறு வரும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான்: இது விடுமுறை இடம் என்று தெரிந்தே வாங்கினீர்கள், இதோ உங்கள் கையெழுத்து.

நம் ஊரில் லாட்ஜ் என்றால் அறை வாடகைக்குக் கிடைக்கும் விடுதி. இங்கே அது தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கிப் பொருத்தும் ஒற்றைத்தள வீடு. அதே வீட்டை ஒரு சைட்டில் (இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கும் நிலத்தில்) பார்க் ஹோம் என்பார்கள், இன்னொன்றில் ஹாலிடே லாட்ஜ் என்பார்கள். சுவரும் கூரையும் சமையலறையும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் பிரிப்பது அது நிற்கும் நிலத்துக்கு உள்ள அனுமதி. குடியிருப்பு சைட் என்றால் 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் உங்களைக் காக்கும். ஹாலிடே சைட் என்றால் அந்தச் சட்டம் பக்கத்திலேயே வராது.

இரண்டு ஒப்பந்தங்களும் நேர் எதிரானவை. குடியிருப்பு ஒப்பந்தத்தில் “இதுதான் என் முதன்மை வீடு” என்பது நிபந்தனை. ஹாலிடே ஒப்பந்தத்தில் “இது என் முதன்மை வீடு அல்ல” என்பது நிபந்தனை. எந்த விற்பனையாளர் என்ன சொன்னாலும் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

விற்கும் இடத்தில் காதில் விழும் மூன்று பேச்சுகளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, “பன்னிரண்டு மாசமும் திறந்திருக்கும்.” சைட் ஆண்டு முழுதும் திறந்திருக்கிறது என்றால் ஆண்டு முழுதும் விடுமுறைக்கு வரலாம் என்றுதான் பொருள், குடியிருக்கலாம் என்றல்ல. இரண்டாவது, “இது பி.எஸ். 3632, ரெசிடென்ஷியல் ஸ்பெக்.” பி.எஸ். 3632 என்பது சுவரின் வெப்பக்காப்பு போன்றவற்றுக்கான கட்டுமானத் தரம். குளிருக்கு நல்லதுதான், ஆனால் குடியிருக்கும் உரிமையை அது தராது. மூன்றாவது, “இங்க நிறையப் பேர் நிரந்தரமா இருக்காங்க.” இருக்கலாம். அவர்களும் இதே வலையில் இருக்கிறார்கள்.

சரி, வாங்கிவிட்டால் என்னதான் ஆகும்? ஆண்டுக்குப் பத்தரை மாதம் மட்டும் திறக்கும் சைட் என்றால் ஜனவரி குளிரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். பிட்ச் ஃபீ, அதாவது நிலத்துக்கான ஆண்டுக் கட்டணம், எவ்வளவு ஏறும் என்பதற்குச் சட்ட வரம்பு கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். லாட்ஜை அங்கே நிறுத்திவைக்க ஓனர் தரும் லைசென்ஸின் காலம் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் என்று இருக்கும். அது முடிந்ததும் உங்கள் செலவிலேயே லாட்ஜை அப்புறப்படுத்தச் சொல்லலாம். இடையில் விற்க நினைத்தால் 15 சதவீதக் கமிஷனும் அதன்மேல் வாட் வரியும் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. முதலில் சைட் ஓனருக்கே விற்க முன்வர வேண்டும் என்ற விதியும் கூடவே இருக்கும். அவர் சொல்லும் விலை நீங்கள் கொடுத்ததில் ஒரு சிறு பங்காக இருக்கும், ஏனென்றால் இது வீடுபோல விலை ஏறும் சொத்து அல்ல, கார்போலத் தேயும் பொருள். காப்பீட்டையும் பாருங்கள்: ஹாலிடே கேரவன் பாலிசியில் (சட்டத்தின் கண்ணில் லாட்ஜும் கேரவன்தான்) நிரந்தரமாகக் குடியிருந்தால், தீ விபத்து நடந்த பிறகு கிளெய்ம் மறுக்கப்படலாம். இவை எல்லாவற்றுக்கும் மேல், பிளானிங் நிபந்தனையை, அதாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியின் நிபந்தனையை, மீறிக் குடியிருப்பதாகக் கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) நடவடிக்கை எடுத்தால், போவதற்கு வேறு வீடு இல்லை.

குடியிருப்பு சைட்டில் நிலைமை வேறு. ஓனர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். பிட்ச் ஃபீ ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும். 2023 ஜூலை முதல் அந்த மாற்றத்துக்கு அடிப்படை சி.பி.ஐ. எனப்படும் நுகர்வோர் விலைப் பணவீக்க விகிதம். விற்கும்போது ஓனருக்குக் கமிஷன் உச்ச அளவு 10 சதவீதம்: 120,000 பவுண்டுக்கு விற்றால் 12,000 அவருக்குப் போகும். இதுவும் சின்னத் தொகையில்லை, வாங்கும்போதே கணக்கில் வையுங்கள். வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்குப் பிட்ச் ஃபீக்கு ஹவுசிங் பெனிஃபிட் என்ற வீட்டு உதவித்தொகையும் கிடைக்கக்கூடும்.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். முன்பணம் 500 பவுண்டாக இருந்தாலும் இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

சைட் லைசென்ஸை, அதாவது சைட் நடத்தக் கவுன்சில் தரும் உரிமத்தை, ஓனரிடம் கேட்காதீர்கள், கவுன்சிலிடம் கேளுங்கள். 1960ஆம் ஆண்டின் கேரவன் சைட் சட்டப்படி லைசென்ஸ் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது கவுன்சிலின் கடமை. குடியிருப்பு சைட்டை நடத்துபவர் “ஃபிட் அண்ட் ப்ராப்பர் பெர்சன்” (சைட் நடத்தத் தகுதியானவர்) பதிவேட்டிலும் இருக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம், குடும்பத்தினர் மட்டும் வசிக்கும் சிறு சைட்டுகளுக்கு விலக்கு உண்டு. ஹாலிடே மட்டும் நடத்துபவர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது பிளானிங் பெர்மிஷன். கவுன்சிலின் பிளானிங் பக்கத்தில் சைட் பெயரைப் போட்டு, முடிவுக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். “ஹாலிடே பர்ப்பஸஸ் ஒன்லி”, “நாட் ஆஸ் எ சோல் ஆர் மெயின் ரெசிடென்ஸ்” என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2023 ஏப்ரல் 1 அன்று வடக்கில் பல கவுன்சில்கள் இணைக்கப்பட்டன. சில்லோத் பக்கம் பழைய அனுமதிகள் அலர்டேல் பெயரில் இருக்கும், இப்போது கேட்க வேண்டியது கம்பர்லாந்து கவுன்சிலை. சவுத் லேக்லேண்ட் இப்போது வெஸ்ட்மோர்லேண்ட் அண்ட் ஃபர்னஸ். ஸ்கார்பரோ, ஃபைலி பக்கம் நார்த் யார்க்‌ஷயர் கவுன்சில். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் என்றால் லைசென்ஸ் தருவது கவுன்சில், பிளானிங் அனுமதி தருவது பூங்கா ஆணையம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

கலப்பு சைட் இன்னும் ஆபத்து. முன்வரிசை குடியிருப்பு, பின்வரிசை ஹாலிடே என்று இருக்கும். முன்வரிசையில் இருப்பவரிடம் பேசி நம்பிக்கை வந்து, பின்வரிசையில் வாங்கிவிடுவார்கள். லைசென்ஸோடு உள்ள வரைபடத்தில் உங்கள் பிட்ச் எண், அதாவது வீடு நிற்கும் இடத்தின் எண், எந்தப் பக்கம் வருகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

இலவசமான சோதனை ஒன்று: அரசின் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) பட்டியலில் சைட்டின் போஸ்ட்கோடைப் போடுங்கள். குடியிருப்பு பிட்ச்கள் தனித்தனியாக, பெரும்பாலும் மிகக் குறைந்த வரிப் பிரிவான பேண்ட் ஏ-யில், வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் அது ஹாலிடே சைட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பட்டியலில் இருப்பதை மட்டும் வைத்துக் குடியிருப்பு அனுமதி உண்டு என்று முடிவு செய்யாதீர்கள். வரி போடுபவரும் பிளானிங் பார்ப்பவரும் வேறு வேறு.

குடியிருப்பு பிட்ச்சை ஓனரிடமிருந்து நேரே வாங்கினால், ஒப்பந்தத்துக்கு 28 நாள் முன்பே “ரிட்டன் ஸ்டேட்மென்ட்” என்ற எழுத்துமூல ஒப்பந்த விவரத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதன் தலைப்பிலேயே 1983 சட்டத்தின் பெயர் இருக்கும். “லைசென்ஸ் அக்ரிமென்ட்” என்று தலைப்பு இருந்தால் அது வேறு சரக்கு. ஓனருக்கு அந்த நிலத்தில் உள்ள உரிமையோ பிளானிங் அனுமதியோ ஒரு தேதியில் முடிகிறதா என்பதையும் அதில் தேடுங்கள். முடிகிறது என்றால் உங்கள் உரிமையும் அத்தோடு முடியும். படித்துச் சொல்ல சொலிசிட்டர் (சொத்து ஆவணங்களைப் பார்க்கும் வழக்கறிஞர்) வேண்டும், அதுவும் சைட் ஆபீஸ் கைகாட்டாத சொலிசிட்டர். இந்த வகை வீட்டுக்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவு இல்லாததால் பலர் சொலிசிட்டரே வைப்பதில்லை. அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதுதான் மிகப் பெரிய நஷ்டமாக முடிகிறது.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்கிப்சீ, விதர்ன்சீ இருக்கும் ஹோல்டர்னெஸ் கரை ஐரோப்பாவிலேயே வேகமாக அரிக்கும் கரைகளில் ஒன்று, சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மீட்டர் அளவில் கடலுக்குப் போகிறது. கார்லைல், கெண்டல் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. போஸ்ட்கோடைப் போட்டு அரசின் வெள்ள அபாயப் பக்கத்தைப் பாருங்கள். கார் ஓட்ட முடியாத வயதில் மருத்துவமனைக்கு எந்த பஸ், ஞாயிற்றுக்கிழமை அது ஓடுமா என்றும் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? “புதிய விதிகள்” என்று எந்தத் தாள் வந்தாலும் ஆலோசனை பெறாமல் கையெழுத்து வேண்டாம். பிரசுரம், விளம்பரத்தின் படம், விற்பனையாளரின் மெசேஜ், ஈமெயில் எல்லாவற்றையும் சேமியுங்கள். “நிரந்தரமா இருக்கலாம்” என்று வாயால் சொன்னதை, தேதியும் இடமும் சொன்னவர் பெயரும் சேர்த்து இன்றே எழுதி வையுங்கள். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியதால் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம்: கார்டு நிறுவனத்திடமே பணத்தைத் திரும்பக் கேட்க வழிசெய்யும் செக்‌ஷன் 75 பாதுகாப்பு 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குத்தான், லாட்ஜ் விலை அதைத் தாண்டிவிடும். தவறான தகவல் தந்து விற்றதற்கான வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு வரம்பு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் எண் 0808 223 1133. அங்கிருந்து, விற்பனை மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் தகவல் போகும். வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவுவது கவுன்சிலின் சட்டக் கடமை. நோட்டீஸின் பிரதியோடு ஹவுசிங் பிரிவுக்கு அன்றே போங்கள்.