தேடினால் கிடைக்காத தொல்காப்பியம்: பாடத்திட்டப் பதிவேற்றப் போர்ட்டலுடன் நான்கு ஆண்டுகள்

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் பாடத்திட்டப் பொறுப்பை நான் கவனித்து வருகிறேன். வேறொரு தன்னாட்சிக் கல்லூரியில் பணியாற்றும் நண்பர் சென்ற வாரம் அழைத்து, பாடத்திட்டங்களை இணையத்தில் ஏற்றுவதற்கு நாங்கள் பயன்படுத்தும் அதே போர்ட்டலைத் தங்கள் கல்லூரியும் வாங்கவிருப்பதாகவும், நான்கு ஆண்டுகள் அதனோடு பழகியவன் என்ற முறையில் என் கருத்து வேண்டும் என்றும் கேட்டார். வாய்மொழியாகச் சொன்னதில் கோபமே மிகுந்துவிட்டதால், நியாயமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அலகுக்கு ஒரு பெட்டி, கற்றல் விளைவுகளுக்கு ஓர் அட்டவணை என்ற அமைப்பெல்லாம் இத்தகைய எல்லாப் போர்ட்டல்களிலும் இருப்பதுதான். எனக்குப் பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். ஐந்து அலகுகளுக்கும் ஒதுக்கிய மணிநேரத்தின் கூட்டுத்தொகை பாடத்தின் மொத்த மணிநேரத்தோடு பொருந்தவில்லை என்றால், அடுத்த பக்கத்துக்குப் போகவே அது விடாது. பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில், வெளியிலிருந்து வந்த வல்லுநர் முன்னிலையில், 75 மணிநேரப் பாடத்துக்கு 72 மணிநேரம்தான் கணக்கில் வருகிறது என்று கண்டுபிடித்துத் தலைகுனிந்த அனுபவம் எங்களுக்கு உண்டு; இப்போது அது நேர்வதில்லை. தரமதிப்பீட்டுக்கு வரும் நாக் குழு, பாட விளைவுகளும் பட்டப்படிப்பின் விளைவுகளும் கல்லூரியின் இணையதளத்தில் காட்சிக்கு உள்ளனவா என்று பார்க்கும். அதற்கென இரவு பகலாகக் கோப்பு தேடும் வேலையும் நின்றுவிட்டது.

இவற்றையெல்லாம்விட நான் எதிர்பாராமல் மகிழ்ந்தது ஒன்று உண்டு. பாடத்திட்டம் மாறினாலும் பழையதை இது அழிப்பதில்லை; மாணவர் சேர்ந்த ஆண்டைக் கொண்டு அடுக்கி வைத்துக்கொள்கிறது. அரியர் வைத்திருக்கும் மாணவருக்கு அவர் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டம்தான் செல்லும் என்பதால், முன்பெல்லாம் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் ஒரு நாள் விடுப்பெடுத்து வந்து, துறை அலமாரியில் நாங்கள் தேடி எடுக்கும்வரை வாசலில் காத்திருந்து, நகலெடுத்துப் போவார்கள். சென்ற நவம்பரில் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், தன் இலக்கணத் தாளின் ஐந்து அலகுகளையும் கைப்பேசியிலேயே எடுத்துப் படித்துத் தேர்வெழுதிப்போனார். அதை அவர் என்னிடம் சொன்ன நாளில் இந்தப் போர்ட்டலை வாங்கிய முதல்வரை மனமாரப் பாராட்டினேன்.

அதே மாணவர்தான் இன்னொன்றும் சொன்னார். "ஐயா, பெயர் கொடுத்துத் தேடினால் எதுவுமே வரமாட்டேங்குது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன்." அன்று மாலை நானே 'தொல்காப்பியம்' என்று தட்டித் தேடினேன். மூன்று பட்டப்படிப்புகளில் தொல்காப்பியம் பாடமாக உள்ள எங்கள் கல்லூரியில் 'முடிவுகள் ஏதுமில்லை' என்று வந்தது. பிறகு, ஏற்றிய பிடிஎஃப் கோப்பைத் திறந்து, அந்தச் சொல்லை நகலெடுத்து வெற்றுப் பக்கம் ஒன்றில் ஒட்டிப் பார்த்தேன். 'ெதால்காப்பியம்' என்று விழுந்தது. ஒற்றைக்கொம்பு எந்த எழுத்தையும் பற்றாமல் முன்னால் தனியே நிற்க, தகரம் துணைக்காலோடு சேர்ந்து 'தா' ஆகிவிட்டது.

இதன் காரணம் பெரிய மர்மம் அன்று. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவான குறியீடு தரும் யூனிகோடு முறையில், கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும், கணினிக்குள் முதலில் மெய்யும் அடுத்து உயிர்க்குறியும் என்ற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படும். நாம் தட்டியதைப் பிடிஎஃப்பாக மாற்றும்போது இந்தப் போர்ட்டல், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துருவங்களை அடுக்கிவிட்டு, அவை எந்தச் சொல்லின் எழுத்துகள் என்ற குறிப்பைச் சரியாக உடன்வைப்பதில்லை. படிப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. அச்செடுத்தால் அழகாகவே இருக்கும். எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகாரக் குறிகள் வரும் சொல் எதையும் தேட மட்டும் முடியாது. அவை வராத தமிழ்ச் சொற்கள் எத்தனை இருக்கும்? சிலப்பதிகாரம் கிடைக்கும், மணிமேகலை கிடைக்காது. நாலடியார் கிடைக்கும், பெரியபுராணம் கிடைக்காது.

எங்கள் பங்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டபோதும், எங்கள் துறையில் பாதிப் பேர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களான பாமினியிலும் வானவில்லிலும் பழகிய கையோடு தட்டி, யூனிகோடாக மாற்றும் செயலியில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். அப்படி மாற்றிய கோப்புகள் சிலவற்றில் ஒகரக் குறி கொம்பாகவும் காலாகவும் இரண்டு குறியீடுகளாக வருகிறது. நேரடியாகத் தட்டினால் ஒரே குறியீடாக வருகிறது. யூனிகோடு நெறிப்படி இரண்டும் ஒன்றே எனக் கொள்ள வேண்டும். இந்தப் போர்ட்டலோ பாடத்தலைப்பில்கூட இரண்டையும் வெவ்வேறு சொல்லாக நினைக்கிறது. ஔவையார் நிலைமை இன்னும் வருத்தமானது. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று கொடுத்திருந்தோம். பார்வைக்கு வேறுபாடே தெரியவில்லை. அது முழுக்க எங்கள் பிழை. எந்த மென்பொருளும் அதற்குப் பொறுப்பாகாது.

ஆனால் கோப்பு மாற்றத்தில் நேரும் பிழை நிறுவனத்துடையது. அதை விளக்கமாக எழுதி, கணினித் திரையைப் பிடித்த படங்களையும் இணைத்து நிறுவனத்துக்கு அனுப்பினோம். பதினோரு நாள் கழித்து, ஆங்கிலத்தில் பாடக்குறியீடு கொடுத்துத் தேடினால் வருகிறதே என்று பதில் வந்தது. அந்த ஒற்றை வரிதான் என்னை இன்றுவரை ஆறவிடவில்லை. பாடக்குறியீடு தெரிந்தவருக்குத் தேடுபெட்டி எதற்கு? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2009இல் இயற்றிய சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் இளநிலைப் பாடத்திட்டங்களை முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று இணைப்புகளுக்குள், கடவுச்சொல் எதுவும் கேட்காமல், சொல் கொடுத்துத் தேடும்படியாக, வகுப்பு தொடங்கிய ஏழு நாளுக்குள் இட வேண்டும் என்று வகுத்தது. இணையத்தில் இடுவது என்றால் தேடுபவர் கையில் கிடைப்பது என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். எங்கள் போர்ட்டலில் ஆங்கிலத் துறைக்கும் இயற்பியல் துறைக்கும் அந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில், தமிழ்த்துறைக்கு மட்டும் அது இல்லை.

இப்போதைக்கு ஒரு மாற்றுவழி செய்திருக்கிறோம். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே குறிச்சொல் பெட்டி ஒன்று உண்டு. அதில் உள்ளது பிடிஎஃப்புக்குப் போகாமல் தட்டியபடியே நிற்கிறது. இளநிலை, முதுநிலை சேர்த்து 41 பாடங்களுக்கும் நூற்பெயர், புலவர் பெயர் அத்தனையையும் தமிழ்99 விசைப்பலகையில் புதிதாகத் தட்டி, அந்தப் பெட்டியில் சேர்த்தோம். இளையவர்கள் இருவரும் நானும் மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து செய்த வேலை. இப்போது தொல்காப்பியம் வருகிறது, ஔவையாரும் வருகிறார். அடுத்த முறை பாடத்திட்டம் மாறும்போது மறுபடியும் உட்கார வேண்டும்.

மணிநேரக் கணக்கும், ஆண்டுவாரி அடுக்கும், நாக் வேலையின் எளிமையும் சேர்த்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஆயினும் நண்பருக்கு வேண்டாம் என்றே எழுதியிருக்கிறேன். தங்கள் முதல்வர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், விற்க வருபவரை எதிரில் உட்காரவைத்து, தொல்காப்பியம், மணிமேகலை, பெரியபுராணம் என்ற மூன்று பெயர்களை மட்டும் அலகுப் பெட்டியில் ஏற்றச் சொல்லி, உருவாகும் பிடிஎஃப்பிலிருந்து அவற்றை நகலெடுத்து ஒட்டிக் காட்டச் சொல்லும்படி பதில் அனுப்பினேன்.